பலுகும் பசும்புல்லும்

சென்ற வருஷம் ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்பாக்கத்தில் என் பெரியப்பாவின் மாட்டுக் கொட்டகைப் பரணில் ஏறி ஒரு வெண்கலப் பானையைத் தேடிக்கொண்டிருந்தேன். பானை அகப்படவில்லை. அதற்குப் பதிலாக, துருவேறிய இரும்புப் பற்கள் வரிசையாகப் பதித்த ஒரு மரச்சட்டம் அகப்பட்டது. ஐந்தடி நீளம் இருக்கும். இரண்டு பற்கள் விழுந்து போயிருந்தன. சட்டத்தை மெல்ல இறக்கி வெளியே கொண்டுவந்து வெயிலில் வைத்தேன்.

"இது என்ன பெரியப்பா, சீப்பு மாதிரி இருக்கிறதே! யார் தலையை வாருவதற்கு?" என்று கேட்டேன்.

"பூமாதேவி தலையை வாரத்தான். பலுகுடா அது. எங்க அப்பா கைப்பட்டது" என்றார் அவர்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மனத்தில் சுருக்கென்று ஒன்று தைத்தது. இந்தச் சட்டம் ஒரு வருஷத்துக்கு முன்னால் என் கண்ணில் பட்டிருந்தால் ஓர் ஏக்கர் புல்வெளி பிழைத்திருக்கும். அந்த ஓர் ஏக்கரைக் கெடுத்தவன் நான்தான். அதை வாசகர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, பிறகு சரித்திரத்துக்குப் போகிறேன்.

செம்பாக்கத்தை இன்று பார்க்கிறவர்கள் அங்கே மாடு மேய்ந்தது என்றால் நம்பமாட்டார்கள். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற சாலையில் பஸ்ஸில் போனால், கடையும் வீடும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். எங்கே செம்பாக்கம் தொடங்கி எங்கே முடிகிறது என்று பழகினவர்களுக்குத்தான் தெரியும். 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி ஏற்பட்டபோது எங்கள் ஊரும் அதில் சேர்ந்தது. ஆனால் ஏரி மட்டும் இன்னும் ஏரியாக இருக்கிறது. அதன் மிகுநீர் நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போய்ச் சேருகிறது. நான் சிறுவனாக இருந்தபோது ஏரியின் உள்வாயில் கோடைகாலத்தில் தண்ணீர் வற்ற வற்ற, பின்னாலேயே பச்சைப் புல் முளைத்துக்கொண்டு போகும். அதன் பின்னாலேயே ஊர் மாடுகள் போகும். மேய்க்கால் புறம்போக்கு என்று தாலுகாக் கணக்கில் எழுதியிருந்ததெல்லாம் அப்போது மெய்யாகவே மேய்ச்சல் நிலமாக இருந்தது.

பெரியப்பாவுக்கு ஏரிக்குத் தெற்கே இரண்டு ஏக்கர் மேட்டு நிலம். ஒரு காலத்தில் கேழ்வரகும் காராமணியும் விளைந்த புன்செய். பாட்டனார் காலமானபின் அதை உழுவாரில்லை. புல் மண்டிற்று, மூன்று பசுக்கள் அதில் மேய்ந்தன. வருஷங்கள் போகப் போகப் புல் குறைந்து, நிலம் ஓடு போல இறுகிப்போய், ஊமத்தையும் ஆவாரையும் அங்கங்கே நின்றன. பெரியப்பாவின் பிள்ளைகள் இருவரும் நல்லவர்கள்தாம். ஆனால் கணக்குத் தெரிந்தவர்கள். "புல்லும் இல்லை, பால் விற்கிற காசு தவிட்டுக்கே போய்விடுகிறது, நிலத்தை மனையாக்கி விற்றால் பேரப்பிள்ளைகள் வரையில் கவலை இல்லை" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பு என்ன? பெரியப்பா பதில் சொல்லவில்லை. பசுவின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. ஒரு மழைக்காலம் பார்ப்பது. புல் தேறினால் நிலம் நிற்கும், தேறாவிட்டால் போகும்.

இந்த இடத்தில்தான் நான் நுழைந்தேன். கதை எழுதுகிறவனுக்குப் படித்ததையெல்லாம் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்ற ஒரு வியாதி உண்டு. மேய்ச்சல் நிலத்தின் மேல் பலுகு ஓட்டினால் புல் செழிக்கும் என்று எங்கேயோ ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் வாசித்திருந்தேன். அதைப் பெரியப்பாவிடம் ஆணித்தரமாகச் சொன்னேன். எந்தப் பலுகு, எப்போது, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்ததோ இல்லையோ, என் நினைவில் இல்லை. டிராக்டர் வைத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டேன். அவரிடம் இருந்தது சட்டிக் கலப்பை. வட்டவட்டமான எஃகுத் தட்டுகள் சாய்வாகக் கோத்தது. அதுவும் பலுகு ஜாதிதான் என்று யாரோ சொன்னார்கள். புரட்டாசி மாதக் கடைசியில் ஓர் ஏக்கரில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிற்று அந்த யந்திரம். மாலையில் பார்த்தபோது நிலம் மாவுபோல் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாளில் வடகிழக்குப் பருவமழை வந்தது. நம் சென்னைப் பக்கத்து மழை எப்படிப்பட்டது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. வருஷம் முழுவதும் பெய்வதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். பிடித்துக்கொள்ளப் புல்வேர் ஒன்றுகூட இல்லாத மேல்மண் அப்படியே கரைந்து ஏரியை நோக்கி ஓடிற்று. முழங்கால் ஆழத்துக்கு இரண்டு ஓடைகள் விழுந்தன. மழை விட்டதும் முளைத்தது பார்த்தீனியமும் கோரையுந்தான். தையில் பிள்ளைகள் அந்த ஓர் ஏக்கரை விற்றுவிட்டார்கள். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அதற்குப் பிறகுதான், நான் செய்த அசட்டுத்தனத்தை எனக்கு முன்னால் யாராவது செய்திருக்கிறார்களா என்று பழைய புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன். செய்திருக்கிறார்கள். பெரிய அளவில், சர்க்கார் செலவில், எங்கள் ஊருக்குச் சில மைல் வடக்கே சைதாப்பேட்டையில் செய்திருக்கிறார்கள்.

1861 முதல் 1866 வரையில் சென்னை மாகாணத்துக் கவர்னராக இருந்தவர் சர் வில்லியம் டெனிசன். அதற்குமுன் ஆஸ்திரேலியாவில் நியூ சௌத் வேல்ஸ் நாட்டுக்குக் கவர்னராக இருந்தவர். தொழிலால் ராணுவ இன்ஜினீயர். இன்ஜினீயருக்கு எந்தக் கஷ்டத்தைக் கண்டாலும் அதற்கு ஒரு யந்திரம் இருக்கவேண்டும் என்று தோன்றும். அது அவர்கள் குற்றமன்று, பழக்கம். நம் குடியானவனின் மரக்கலப்பையையும் மெலிந்த மாட்டையும் அவர் பார்த்தார். சீமையிலிருந்து நீராவிக் கலப்பை, பலுகு, விதைக்கும் கருவி, குதிரை இழுக்கும் களைவெட்டி, கதிரடிக்கும் யந்திரம், தூற்றும் யந்திரம், தீவனம் நறுக்கும் யந்திரம், நீர் இறைக்கும் யந்திரம் எல்லாவற்றையும் வரவழைக்க ஏற்பாடு செய்தார். 1864-இல் சைதாப்பேட்டையில் 350 ஏக்கர் நிலத்தில் ஒரு மாதிரிப் பண்ணை ஏற்பட்டது. முதலில் ஒரு கமிட்டி அதை நடத்திற்று. 1871-இல் சர்க்காரே நேராக எடுத்துக்கொண்டார்கள்.

நீராவிக் கலப்பை என்றால் இக்காலத்து வாசகர்களுக்கு விளங்காது. இன்றைய டிராக்டர் போல அது நிலத்தின்மேல் ஓடுவதில்லை. வயலின் ஓரத்தில் ரயில் எஞ்சின் போன்ற ஒன்றை நிறுத்தி, இரும்புக் கயிற்றால் கலப்பையை வயலின் குறுக்கே இழுப்பார்கள். எதிர்க் கரையில் இன்னோர் எஞ்சினோ ஓர் உருளையோ நிற்கும். இங்கிலாந்தில் பெருநிலக்காரர்களுக்கு அது உதவிற்று. அரை ஏக்கரும் கால் ஏக்கருமாக வரப்புக் கட்டிய செங்கற்பட்டு ஜில்லாவில் அந்தக் கயிற்றை எங்கே விரிப்பது?

ஆனாலும் சைதாப்பேட்டைப் பண்ணையைக் கேலி செய்வதற்காக நான் இதை எழுதவில்லை. அங்கே நல்ல காரியங்களும் நடந்தன. ராபர்ட்சன் என்ற உழைப்பாளி அதை வெகுகாலம் நடத்தினார். சோளம் போன்ற புன்செய்ப் பயிர்களை மாட்டுத் தீவனத்துக்கென்றே வருஷத்தின் எல்லாப் பருவங்களிலும் பயிரிட்டு லாபம் காணலாம் என்று அங்கே நிரூபித்தார்கள். பிண்ணாக்கும் சுண்ணாம்பும் எருவாவதைச் சோதித்தார்கள். 1876-இல் விவசாயப் பள்ளிக்கூடம் ஒன்றும் அங்கேயே ஏற்பட்டது. அந்த வருஷந்தான் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. 1878 வரையில் நீடித்த அந்தப் பஞ்சத்தில் மனிதர்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள்; மாடுகள் மாண்டதற்குக் கணக்கே இல்லை. புல் இல்லாமல் மாடு செத்தது. மாடு இல்லாமல், மழை பெய்தபோதும் உழ முடியவில்லை. பஞ்சத்தை ஆராய்ந்த கமிஷன் 1880-இல் சொன்ன யோசனையின்படி 1882-இல் சென்னை மாகாணத்தில் விவசாய இலாகா ஏற்பட்டது. சைதாப்பேட்டைப் பள்ளி 1906-இல் கோயம்புத்தூருக்குப் போய், இன்று அங்கே பெரிய விவசாயப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. ஆலமரத்தின் விதை நம் அடையாற்றங்கரையில் விழுந்தது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஆனால் டெனிசன் துரை ஆசையோடு சேர்த்த அந்த யந்திரப் பட்டியல் குடியானவன் வீட்டுக் கொட்டகைக்கு வந்து சேரவில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னவரும் ஒரு வெள்ளைக்காரர்தாம். டாக்டர் வோல்க்கர் என்பவர் இங்கிலாந்தின் ராயல் விவசாயச் சங்கத்துக்கு ரசாயன ஆலோசகராக இருந்தவர். இந்திய விவசாயத்தைத் திருத்துவதற்கு வழி சொல்லுங்கள் என்று 1889-இல் அவரை இங்கே அனுப்பினார்கள். அவர் ஊர் ஊராகச் சுற்றினார். அவருடைய அறிக்கை 1893-இல் வெளியாயிற்று. திருத்த வந்தவர், நல்ல குடியானவன் எங்கள் நாட்டுச் சராசரி விவசாயிக்குக் குறைந்தவன் அல்லன், சில விஷயங்களில் மேலானவனே என்று எழுதிவைத்தார். அவனுக்குக் குறைவது அறிவு அன்று, வசதிதான் என்பது அவர் அபிப்பிராயம். அவர் கண்ட இன்னோர் உண்மை என் மனத்தை மிகவும் தொட்டது. விறகு இல்லாததால் சாணத்தை எரிக்கிறார்கள். சாணத்தை எரிப்பதால் நிலத்துக்கு எரு இல்லை. ஆகையால் விறகும் தீவனமும் தருகிற காப்பு நிலங்களை ஊர்தோறும் உண்டாக்குங்கள் என்றார். புல்லையும் அடுப்பையும் ஒரே கயிற்றில் முடிந்து பார்த்தவர் அவர்.

இதைப் படித்தபோதுதான் என் மூடத்தனம் எனக்கு முழுவதும் விளங்கிற்று. சீமையில் புல்வெளிமேல் பலுகு ஓட்டுவது எதற்காக? அங்கே குளிரிலும் ஈரத்திலும் புல்லின் அடியில் பாசி படரும். அதை வாரி எடுக்கவேண்டும். பனிக்காலத்தில் செத்த புல் மெத்தை போல் படிந்து கிடக்கும். அதைக் கிளறிக் காற்றும் வெளிச்சமும் உள்ளே விடவேண்டும். மாடு போட்ட சாணம் குவியல் குவியலாகக் கிடக்கும். அதை உடைத்துப் பரப்பவேண்டும். இதற்காக அவர்கள் இரும்பு வளையங்களைக் கோத்துச் சங்கிலிப் பலுகு செய்தார்கள். மேடு பள்ளத்துக்கு ஏற்ப அது நெளிந்து கொடுக்கும், வேரை அறுக்காது. நம் ஊரிலோ பாசி இல்லை. செத்த புல்லைக் கரையான் விட்டுவைப்பதில்லை. சாணமோ தரையில் விழுந்த ஐந்தாவது நிமிஷத்தில் யார் வீட்டுச் சுவரிலாவது வறட்டியாகி ஒட்டிக்கொள்ளும், அல்லது பெரியப்பாவின் எருக்குழிக்குப் போய்விடும். அப்படியானால் நம் புல்வெளிக்குப் பலுகு வேண்டாமா?

வேண்டும். காரணந்தான் வேறு. நான்கு மாத வெயிலும் மாட்டுக் குளம்பும் சேர்ந்து நம் மண்ணின் மேல்புறத்தைச் செங்கல் போல் ஆக்கிவிடுகின்றன. பெய்கிற மழை உள்ளே இறங்காமல் வழிந்து ஓடுகிறது. உதிர்ந்த புல் விதை அந்த ஓட்டின்மேல் கிடந்து எறும்புக்கு இரையாகிறது. அந்தப் பொருக்கை அரை அங்குலம் கீறிவிட்டால் போதும். நீரும் விதையும் உள்ளே போகும். அரை அங்குலம் கீறவேண்டிய இடத்தில் நான் அரை அடி வெட்டினேன். சட்டிக் கலப்பை நல்ல கருவிதான். கட்டியை உடைக்கவும் தழையை மண்ணோடு கலக்கவும் அதற்கு நிகர் இல்லை. புல்லை அழித்துவிட்டுப் புதிதாகப் பயிரிட நினைக்கிறவன் அதை ஓட்டலாம். இருக்கிற புல்லைக் காப்பாற்ற நினைக்கிறவன் ஓட்டக் கூடாது. தலை வாரச் சொன்னால் தலையையே சீவிய கதைதான் என்னுடையது.

இந்த வித்தியாசம் நமக்குப் புதிதும் அன்று. பரணிலிருந்து இறக்கிய பலுகைக் காட்டி, "இதை எதற்கு ஓட்டுவீர்கள்?" என்று பெரியப்பாவைக் கேட்டேன்.

"கேவுரு வெதைச்சு ஒரு சாண் வந்ததும் அது மேலே ஓட்டுவோம்" என்றார்.

"பயிரின் மேலேயேவா?"

"பின்னே? நெருக்கமா இருக்கிறது கொஞ்சம் பிடுங்கிக்கும். களை போவும். மிச்சம் இருக்கிறது நல்லாத் தூர் கட்டும். பார்க்கறவனுக்கு வயிறு எரியும். ஒரு வாரம் கழிச்சுப் பாரு, அப்ப தெரியும்."

அன்று இரவு புறநானூற்றை எடுத்துப் புரட்டினேன். 120-ஆம் பாட்டு, கபிலர் பாரியின் நாட்டைப் பற்றிப் பாடியது. வேங்கை மரம் நிற்கிற மேட்டுப் புன்செய்யில் தினையும் வரகும் விளைகிற விதம் அதில் வருகிறது. பலமுறை உழுது விதைத்தபின், முளைத்த பயிரின்மேல் 'பல்லி' ஓட்டுகிறார்கள்; அதனால் பயிர் பலவாகக் கிளைக்கிறது. பல்லி என்றால் பல் வைத்த பலுகுதான். தாளியடித்தல் என்று பழைய உரைகாரர் அதற்குப் பொருள் சொல்லியிருக்கிறார். கல்லூரியில் இந்தப் பாட்டை எனக்குப் பாடம் சொன்னார்கள். பல்லி என்ற சொல்லுக்குப் பொருளும் எழுதி மார்க்கும் வாங்கினேன். அந்தப் பல்லி எங்கள் வீட்டுப் பரணில் துருப்பிடித்துக் கிடந்தது என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. டெனிசன் துரை கப்பலில் வரவழைத்த பட்டியலில் பலுகும் ஒன்று. பாரி காலத்திலேயே அது இங்கே இருந்தது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவரை மட்டும் குறை சொல்வானேன்? தமிழ் படித்த எனக்கே தெரியவில்லையே.

புல்லை ஒரு பயிராகப் பாவித்துப் பேணுகிற வழக்கமும் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் போனவர்கள் கொறங்காடு என்பதைப் பார்த்திருப்பார்கள். மழை குறைந்த சரளைச் செம்மண் பூமி. நாலு புறமும் முள்கிளுவை வேலி. நடுவில் அங்கங்கே வெள்வேல மரம். தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். அந்த வேலிக்குள் மாட்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு வேலியில் புல் குறைந்தால் அடுத்த வேலிக்கு மாற்றுவார்கள். குறைந்த இடம் ஓய்வெடுத்துக்கொண்டு மறுபடி தழைக்கும். புல் மூப்படைந்து போனால், நல்ல மழை பெய்த ஒரு வருஷம் பார்த்து உழுது சோளம் போட்டு எடுத்துவிட்டு, திரும்பவும் புல்லுக்கு விடுவார்கள். காங்கேயம் காளைகளின் திமிலும் கால் உறுதியும் இந்தப் புல்லில் விளைந்தவை. பழையகோட்டைப் பட்டக்காரரின் மந்தையைப் பற்றி லிட்டில்வுட் என்ற கால்நடை அதிகாரி 1936-இல் வெளியிட்ட புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். ஓசூரில் 1824-இல் பட்டாளத்துக் குதிரைகளுக்காகத் தொடங்கி, பிறகு மாட்டுப் பண்ணையான சர்க்கார் நிலம் ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல். அவ்வளவு பெரிய இடத்துக்கும் எங்கள் ஓர் ஏக்கருக்கும் சட்டம் ஒன்றுதான்: புல்லுக்கு ஓய்வு வேண்டும், வேர் மண்ணில் இருக்கவேண்டும்.

மிஞ்சிய ஓர் ஏக்கரில் இதைச் செய்து பார்க்கப் பெரியப்பா சம்மதித்தார். பிள்ளைகளும், "சித்தப்பா மகன் சொல்கிறானே என்று இல்லை, பாட்டன் பலுகு என்பதற்காக" என்று ஒப்புக்கொண்டார்கள். இதோ நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது பிரயோஜனப்படலாம்.

முதலில் ஊமத்தையையும் ஆவாரையையும் கையால் பிடுங்கினோம். பலுகுக்கு விழுந்த இரண்டு பற்களைத் தாம்பரத்தில் ஒரு பட்டறையில் அடித்துப் போட்டோம். பற்கள் எல்லாம் ஒரே நீளமாக இருக்கவேண்டும் என்று பெரியப்பா நூல் பிடித்துப் பார்த்தார். ஒரு பல் நீண்டால் அது மட்டும் உழும், மற்றவை சும்மா வரும். ஆடி மாதத்தில் இரண்டு மழை பெய்யும் வரையில் காத்திருந்தோம். மண் காய்ந்து கிடக்கும்போது ஓட்டினால் பல் வழுக்கும், புல் தூர் பெயரும். சேறாக இருக்கும்போது ஓட்டினால் மண் மெழுகிப்போகும். மண்ணை எடுத்துப் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரவேண்டும். அதுதான் பதம். அந்தப் பதம் மூன்று நாள்தான் இருக்கும்.

உழவு மாட்டுக்கு மூன்று ஊர் அலைந்தோம். கடைசியில் அகரம்தென் பக்கத்திலிருந்து ஒரு வண்டிக்காரர் தம் ஜோடியை ஓட்டிக்கொண்டு வந்தார். அந்த மாடுகள் ஏர் பூட்டி அறியாதவை. பலுகின்மேல் பாரத்துக்காகப் பெரியப்பா தாமே ஏறி நிற்பேன் என்றார், எழுபத்தெட்டு வயது. அவரைத் தடுத்து ஒரு கல்லைக் கட்டினோம். கல் கனமாயிருந்ததால் பல் ஆழமாக இறங்கிற்று. சிறு கல்லாக மாற்றினோம். சரிவுக்கு எதிராக, குறுக்கு வாட்டில் ஒரு முறை. அதை வெட்டினாற்போல் சாய்வாக இன்னொரு முறை. அதற்கு மேல் வேண்டாம் என்று பெரியப்பா கையை உயர்த்திவிட்டார். பார்த்தால் நிலம் பூனை பிராண்டினது போலத்தான் இருந்தது. போன வருஷத்து மாவு போன்ற மண்ணை நினைத்துக்கொண்டு, இது போதுமா என்று எனக்கே சந்தேகம்.

பிறகு விதை. கொழுக்கட்டைப் புல் விதை மூன்று பங்கு, முயல் மசால் ஒரு பங்கு. கொழுக்கட்டை விதை பஞ்சு போல் லேசானது, காற்றில் பறந்துவிடும். ஈர மணலோடு கலந்து வீசவேண்டும். அறுவடையான உடனே அது முளைக்காது. சில மாதம் உறங்கிய விதைதான் வேண்டும். முயல் மசால் விதைக்குத் தோல் கெட்டி. கை பொறுக்காத வெந்நீரில், சுமார் 80 டிகிரி சூட்டில், நான்கு நிமிஷம் போட்டெடுத்துப் பிறகு இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைக்கவேண்டும். மசால் எதற்கு என்றால், அது பயறு ஜாதி. அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். பக்கத்துப் புல்லுக்கும் அதனால் ஊட்டம்.

விதையை மூடுவதற்குப் பலுகைத் திரும்பவும் ஓட்டினால் விதை ஆழத்தில் போய்விடும். பெரியப்பா வேலிக்கருவேல் முள் கிளைகளை வெட்டி வரச்சொல்லி, விசிறி போல் ஒரு மூங்கிலில் கட்டினார். பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்து நிலத்தின்மேல் இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு ஒரு வேடிக்கை ஞாபகம் வந்தது. சங்கிலிப் பலுகு வருவதற்கு முன்னால் இங்கிலாந்துக் குடியானவர்களும் முட்செடிக் கிளைகளை ஒரு படலில் கட்டிப் புல்வெளியின்மேல் இப்படித்தான் இழுத்தார்கள். ஏழைக்கு எந்தத் தேசத்திலும் முள்தான் துணை.

அதற்குப் பிறகு செய்த காரியந்தான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. ஒன்றும் செய்யாமல் இருந்தோம். ஆறு வாரம் மாட்டை உள்ளே விடவில்லை. பசுக்கள் வேலி ஓரத்தில் வந்து நின்று கத்தும். பெரியப்பா வைக்கோல் வாங்கிப் போட்டார். அந்தச் செலவு பிள்ளைகள் முகத்தில் தெரிந்தது. ஐப்பசியில் மழை வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. விடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பெரியப்பா எனக்கு முன்னாலேயே வரப்பின்மேல் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் விற்றுப்போன ஏக்கரிலிருந்து செந்நீர் சுழித்துக்கொண்டு இறங்கிற்று. எங்கள் ஏக்கரிலிருந்து இறங்கின நீர் கொஞ்சந்தான்; அதுவும் ஏறக்குறையத் தெளிவாக இருந்தது. பெரியப்பா குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. முழுநிலமும் பச்சைக் கம்பளமாகிவிட்டது என்று எழுதினால் அது கதையாகிவிடும். தைப் பொங்கலுக்குப் பார்த்தபோது முக்கால் பாகம் புல் கட்டியிருந்தது. வடமேற்கு மூலை இன்னும் மொட்டைதான். மூன்று பசுவுக்கு அது போதாது. இரண்டு பசுவுக்குப் பாதி வயிறு நிறையும். மூன்றாவது பசுவைப் பெரியப்பா ஒரு உறவினருக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் நிலத்தை விற்பதைப் பற்றி இந்த வருஷம் பேசவில்லை. அடுத்த வருஷம் பேசுவார்கள். அவர்கள் பேசுவதற்குக் காரணம் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். பக்கத்து ஏக்கரில் மனைக்கல் நட்டு வெள்ளையடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லையும் பார்க்கும்போது அதில் என் பெயர் எழுதியிருப்பது போல எனக்குத் தோன்றுகிறது.

பலுகு இப்போது பரணில் இல்லை. கொட்டகையின் முன்புறச் சுவரில் இரண்டு ஆணியில் தொங்குகிறது. மாதத்துக்கு ஒருமுறை அதன் பற்களுக்கு வேப்பெண்ணெய் பூசவேண்டும் என்று பெரியப்பா கட்டளையிட்டிருக்கிறார். அந்த வேலை எனக்கு. போன மாதம் பூசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் வந்து, "மாமா, இது என்ன, சீப்பா?" என்று கேட்டான். நான் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, நீயே சொல்லு என்பதுபோல் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.